லைக்கை எண்ணுவதற்கு முன்னால்: இணையத் தளங்களை ஆராயத் தொடங்குபவர்களுக்கு

ட்விட்டரில் 2015 நவம்பர் வரை ஒரு நட்சத்திரப் பொத்தான் இருந்தது. பிடித்திருந்தால் அழுத்துவார்கள். பிறகு படிக்கலாம் என்று எடுத்து வைக்கவும் அதையே அழுத்துவார்கள். எதிராளி பதில் சொன்னதும் "சரி, பார்த்துவிட்டேன்" என்று பேச்சை முடித்துக்கொள்ளவும் அதே நட்சத்திரம்தான். அந்த மாதம் அது இதயமாக மாறி, பெயரும் 'லைக்' என்று ஆனது. ஒரு மரணச் செய்தியைப் பிறகு படிக்க எடுத்து வைக்க நினைத்தவர், இனி அதற்கு இதயம் கொடுத்தாக வேண்டும். எடுத்து வைப்பதற்கென்றே புக்மார்க் வந்தது 2018இல். 2024 ஜூனில், யார் எதற்கு லைக் போட்டார்கள் என்பது மற்றவர் கண்ணில் படாதபடி மறைக்கப்பட்டது.

இப்போது ஒருவர் 2014 முதல் 2024 வரையிலான லைக் எண்ணிக்கையை ஒரே கோடாக வரைந்து, "மக்களின் ரசனை இப்படி மாறியது" என்று எழுதுகிறார் என்று வையுங்கள். கோடு அழகாகத்தான் இருக்கும். ஆனால் அந்தக் கோட்டுக்குள் குறைந்தது மூன்று வெவ்வேறு பொத்தான்கள் ஒளிந்திருக்கின்றன.

இணையப் பண்பாட்டை ஆராய வேண்டும் என்று வருகிறவர்கள் எடுத்த எடுப்பில் கேட்பது "டேட்டாவை எப்படி எடுப்பது?" என்றுதான். அது நான்காவது, ஐந்தாவது வேலை. அதற்கு முன் தளத்தைப் பார்க்க வேண்டும்: அது எதைச் செய்ய விடுகிறது, எதைச் செய்யத் தூண்டுகிறது, எதை எண்ணிக் காட்டுகிறது, எதை மறைக்கிறது. நான் கற்றுக்கொண்ட வரிசையில் சொல்கிறேன். சில இடங்களில் நின்று நிதானமாகப் போவோம்.

கேள்வியைப் பட்டிமன்றத்திலிருந்து இறக்குங்கள்

"சமூக ஊடகங்கள் இளைஞர்களை வளர்க்கின்றனவா, கெடுக்கின்றனவா?" பட்டிமன்றத்துக்கு நல்ல தலைப்பு. ஆய்வுக்கு ஆகாது. எந்தத் தளம், எந்தச் செயல், எந்தக் காலம் ஆகிய மூன்றும் கேள்விக்குள்ளேயே இருக்க வேண்டும்.

ஒரு எடுத்துக்காட்டைப் பிடித்துக்கொள்வோம்: தையல் சொல்லித்தரும் காணொளிகள். கேள்வி இது: பார்த்துத் தைத்தவர்கள், தாங்கள் தைத்ததை எங்கே, எப்படிக் காட்டுகிறார்கள்?

யூடியூப் காணொளிக்குக் கீழே எழுதலாம், படம் போட முடியாது. அதனால் அங்கே "தைத்துப் பார்த்தேன், கழுத்து சரியாக வந்தது, நன்றி" என்ற மாதிரி வாக்கியங்கள் கிடைக்கும். இன்ஸ்டாகிராமில் தைத்த சட்டையைப் படமெடுத்து, சொல்லித்தந்தவரை டேக் செய்துவிடலாம். டிக்டாக்கில் டூயட் இருப்பதால் சொல்லித்தருபவரும் தைப்பவரும் பக்கத்தில் பக்கத்தில் ஓடுவார்கள். ஆசை ஒன்றுதான், அது போட்டுக்கொள்ளும் சட்டைதான் வேறு. யூடியூபை மட்டும் பார்த்துவிட்டு "இவர்கள் செய்து காட்டுவதில்லை, நன்றி மட்டும் சொல்கிறார்கள்" என்று எழுதினால், தைக்கிறவர்களைப் பற்றி ஒன்றும் சொல்லியிருக்க மாட்டீர்கள். அந்த எழுத்துப் பெட்டியைப் பற்றித்தான் சொல்லியிருப்பீர்கள்.

கேள்வியை எழுதியதும் அதில் ஒரு வினைச்சொல் இருக்கிறதா என்று பாருங்கள். காட்டுகிறார்கள், பகிர்கிறார்கள், ஒளிக்கிறார்கள், அழிக்கிறார்கள் என்று ஏதாவது. 'தாக்கம்', 'பாதிப்பு' என்ற பெயர்ச்சொற்களோடு நிற்கும் கேள்விகள் எங்கும் போய்ச் சேர்வதில்லை.

புது அக்கவுண்ட் திறந்து, கடைசிப் பொத்தான் வரை அழுத்திப் பாருங்கள்

நீங்கள் தினமும் புழங்கும் தளம் உங்கள் கண்ணுக்கே தெரியாது. சொந்த வீட்டின் படிக்கட்டில் எத்தனை படி என்று கேட்டால் திணறுவோமே, அப்படி. அதனால் வேறு பிரவுசரில், முன்பு பயன்படுத்தாத மின்னஞ்சலில், ஒரு புது அக்கவுண்ட் திறங்கள். அதற்கு அந்தத் தளத்தின் விதி இடம் தருகிறதா என்று முதலில் படித்துவிடுங்கள். பக்கத்தில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கட்டும்.

இதற்கு முறையான பெயரே உண்டு: வாக்த்ரூ முறை. பென் லைட், ஜீன் பர்ஜஸ், ஸ்டெஃபனி டுகுவே ஆகிய மூவரும் 'நியூ மீடியா அண்ட் சொசைட்டி' என்ற ஆய்விதழில் இதை விளக்கி எழுதியிருக்கிறார்கள். செயலிக்குள் நுழைவது, அன்றாடம் புழங்குவது, வெளியேறுவது என மூன்று கட்டங்களையும் ஒவ்வொரு திரையாக நிறுத்தி நிறுத்திப் பதிவு செய்ய வேண்டும். இவற்றோடு நிறுவனம் தன்னைப் பற்றி என்ன சொல்லிக்கொள்கிறது, எதில் காசு பார்க்கிறது, என்ன விதி வைத்திருக்கிறது என்பதையும் சேர்த்துப் படிக்கச் சொல்கிறார்கள்.

குறிப்பு எப்படி இருக்க வேண்டும் என்பதற்கு, ஒரு குறுங்காணொளிச் செயலியைப் பார்த்தபோது நான் எழுதி வைத்த வரிகள் சில:

"திறந்ததும் காணொளி ஓடத் தொடங்கிவிட்டது. நான் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. லைக் போட ஒரு தட்டு போதும். 'ஆர்வமில்லை' என்று சொல்ல அழுத்திப் பிடித்து, வரும் பட்டியலில் தேடி, இன்னொரு தட்டு. கடிகாரம் மறைந்துவிட்டது. நோட்டிஃபிகேஷன் எல்லாம் முதலிலேயே இயக்கத்தில். அக்கவுண்டை மூடும் இடம் செட்டிங்ஸில் நான்கு திரை தாண்டி."

இவ்வளவுதான். இதில் ஆய்வுச் சொல் ஒன்றும் இல்லை. ஆனால் 'லைக் ஒரு தட்டு, மறுப்பு மூன்று அசைவு' என்ற வரி பின்னால் பெரிதாக உதவியது. பிடித்தது பற்றிய தரவு குவிந்து கிடக்கும், பிடிக்காதது பற்றிய தரவு சொற்பமாக இருக்கும். அதற்குக் காரணம் மக்கள் எல்லாவற்றையும் ரசிக்கிறார்கள் என்பதில்லை.

இந்த விஷயத்தைப் பேச ஆய்வாளர்கள் பயன்படுத்தும் சொல் அஃபார்டன்ஸ். ஜேம்ஸ் கிப்சன் என்ற உளவியலாளர் உருவாக்கியது. டான் நார்மன் 1988இல் அதை வடிவமைப்புத் துறைக்குக் கொண்டுவந்தார். ஒரு பொருள் நமக்கு எதற்கெல்லாம் இடம் கொடுக்கிறது என்பதே அதன் சாரம். நாற்காலி உட்கார இடம் கொடுக்கிறது. ஏறி நின்று விளக்கு மாற்றவும் இடம் கொடுக்கிறது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்ற பழமொழி தெரிந்தவர்களுக்கு இந்தக் கருத்தில் பாதி ஏற்கெனவே தெரியும். பொத்தானைச் செய்தவர் நினைத்தது ஒன்று, பயனர்கள் அதில் பிடுங்கிக்கொண்ட மடம் வேறொன்று. உங்கள் ஆய்வு பெரும்பாலும் அந்த மடத்தில்தான் நடக்கும்.

மாற்றங்களின் நாட்காட்டி ஒன்று போடுங்கள்

புதிதாக வருகிறவர்கள் அதிகம் தவறவிடும் படி இதுதான், அதனால் இங்கே கொஞ்சம் அதிக நேரம் இருக்கப் போகிறேன்.

தளம் ஒரு நிலையான இடம் என்ற நினைப்பு நம்மை அறியாமல் வந்துவிடுகிறது. யூடியூபை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் ஐந்து நட்சத்திர மதிப்பீடு இருந்தது. கொடுப்பவர்களில் பெரும்பாலோர் ஐந்தையே கொடுக்கிறார்கள் என்று நிறுவனமே 2009இல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, 2010இல் கட்டைவிரல் மேலே, கீழே என்று மாற்றியது. 2012இல் பரிந்துரைக்கும் கணக்கு மாறியது: எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு எடை கூடியது. 10 நிமிடம் தாண்டிய காணொளிக்கு மட்டும் நடுவில் விளம்பரம் போடலாம் என்றிருந்த வரம்பு, 2020 ஜூலையில் 8 நிமிடமாகக் குறைந்தது. 2021 நவம்பரில் டிஸ்லைக் எண்ணிக்கை பார்வையாளர்களிடமிருந்து மறைந்தது.

நம் தையல் காணொளிகளுக்கு வருவோம். 2018இல் சரியாக 10 நிமிடம் சில நொடி ஓடும் பாடங்கள் ஏன் இத்தனை? ஊசியில் நூல் கோக்க அவ்வளவு நேரம் தேவைப்பட்டதா? பழைய சேனல் ஒன்றைத் திறந்து, காணொளிகளின் நீளத்தையும் தேதியையும் எக்செல்லில் இரண்டு வரிசையாகப் போட்டு, 2020 ஜூலையில் ஒரு கோடு கிழித்துப் பாருங்கள். கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நீளம் எப்படி இருக்கிறது? மாறவே இல்லை என்றாலும் அதுவும் ஒரு கண்டுபிடிப்பு, அந்தச் சேனல்காரர் விளம்பரக் காசுக்காக ஓடவில்லை என்று யோசிக்க இடம் தருகிறது. ஒரு மாலையில் செய்து முடிக்கக்கூடிய வேலை இது. புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை.

ஃபேஸ்புக் கதை இன்னும் சுவாரசியம். லைக் பொத்தான் 2009இல் வந்தது, கோபம், சிரிப்பு, அழுகை முகங்கள் 2016இல் வந்தன. 2021இல் வெளியே கசிந்த உள் ஆவணங்களிலிருந்து தெரியவந்த கணக்கு இது: 2017 முதல், ஒருவர் கோப முகம் போட்டால் அது ஃபீட் வரிசையில் ஐந்து லைக்குக்குச் சமமாக எடைபோடப்பட்டது. அந்த எடையைப் படிப்படியாகக் குறைத்து, 2020இல் கோபத்துக்கு எடையே இல்லை என்று ஆக்கினார்கள். அந்த ஆண்டுகளில் ஃபீட் முழுக்கக் கொதிப்பாக இருந்ததைப் பார்த்து "மக்கள் கோபக்காரர்கள் ஆகிவிட்டார்கள்" என்று எழுதியவர்களுக்கு இந்தத் தராசு தெரிந்திருக்க வழியில்லை. நமக்கு இப்போது தெரியும். அதனால் நமக்குச் சாக்குச் சொல்ல இடமில்லை.

நாட்காட்டிக்கான செய்திகள் எங்கே கிடைக்கும்? நிறுவனத்தின் அறிவிப்புப் பக்கங்கள், செயலியின் பதிப்புக் குறிப்புகள், அந்தக் காலத் தொழில்நுட்பச் செய்திகள். இவற்றைவிட எனக்குப் பிடித்தது இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷின். 1996 முதல் சேமித்த பக்கங்கள் அதில் இருக்கின்றன. தளத்தின் முகவரியைப் போட்டு ஆண்டுக்கு ஒரு பக்கம் திறந்து பார்த்தால், எந்தப் பொத்தான் எப்போது வந்தது, எது எப்போது காணாமல் போனது என்று கண்ணாலேயே பார்க்கலாம். லாகின் செய்தால்தான் தெரியும் திரைகள் அதில் கிடைக்காது. அவற்றுக்குப் பழைய செயல்விளக்கக் காணொளிகளைத் தேடுங்கள். "இந்த செட்டிங்கை எப்படி மாற்றுவது" என்று யாரோ ஒரு புண்ணியவான் பத்து வருடத்துக்கு முன் திரையைப் பதிவு செய்து போட்டிருப்பார்.

நாட்காட்டியில் இன்னொரு வரிசையும் வையுங்கள்: பயனர்கள் தாங்களாகவே கண்டுபிடித்து, பிறகு தளம் எடுத்துக்கொண்டவை. ஹேஷ்டேக் ட்விட்டர் நிறுவனம் தந்ததில்லை. கிறிஸ் மெசினா என்ற பயனர் 2007 ஆகஸ்டில், கூட்டமாகப் பேச ஒரு குறி வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். ரீட்வீட்டும் அப்படித்தான். மற்றவர் எழுதியதை நகலெடுத்து, முன்னால் 'ஆர்டி' என்ற இரண்டெழுத்தும் அவர் பெயரும் சேர்த்துக் கையால் எழுதிக்கொண்டிருந்தார்கள். 2009இல்தான் அது பொத்தான் ஆனது. கையால் எழுதியபோது நடுவில் நாலு வார்த்தை சேர்க்கலாம், திருத்தலாம், கிண்டலும் செய்யலாம். பொத்தான் வந்ததும் அப்படியே அனுப்புவது மட்டும் சுலபமாயிற்று. தளம் மக்களை ஆட்டுவிக்கிறது என்று ஒரே திசையில் எழுதுகிறவர்கள் இந்த வரிசையை மறந்துவிடுகிறார்கள்.

எண்கள் எண்களை வளர்க்கும்

மேத்யூ சல்கானிக், பீட்டர் டாட்ஸ், டங்கன் வாட்ஸ் மூவரும் 2006இல் 'சயின்ஸ்' இதழில் வெளியிட்ட சோதனையை இந்தத் துறைக்கு வருகிற எல்லோரும் ஒருமுறை படிக்க வேண்டும். யாருக்கும் தெரியாத 48 பாடல்கள், 14,341 பேர். சிலருக்குப் பாடல் பட்டியல் மட்டும் காட்டப்பட்டது. மற்றவர்களை எட்டு தனித்தனி 'உலகங்களாக'ப் பிரித்து, அந்தந்த உலகத்தில் எத்தனை பேர் எதை டவுன்லோடு செய்தார்கள் என்ற எண்ணையும் காட்டினார்கள். எண் தெரிந்த உலகங்களில் வெற்றிக்கும் தோல்விக்கும் நடுவே இடைவெளி பெரிதாயிற்று. அதோடு, ஒரு உலகத்தில் ஓடிய பாட்டு இன்னொன்றில் ஓடவில்லை. மிக நல்லவை அடியோடு தோற்பதும், மிக மோசமானவை உச்சிக்குப் போவதும் அரிதாகவே நடந்தன. நடுவில் இருந்தவற்றின் தலைவிதியை முதலில் வந்த சிலர் தீர்மானித்துவிட்டார்கள்.

2013இல் அதே இதழில் இன்னொன்று வந்தது. லெவ் முச்னிக், சினான் ஆரல், ஷான் டெய்லர் ஆகியோர், செய்திகளைப் பகிரும் ஒரு தளத்தில் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட பின்னூட்டங்களை எடுத்து, சிலவற்றுக்குக் குருட்டாம்போக்கில் ஒரே ஒரு மேல்வாக்கு (பிடித்திருக்கிறது என்ற வாக்கு) போட்டுவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த முதல் ஆள் தானும் மேல்வாக்கு போடும் வாய்ப்பு 32% கூடியது. கடைசி மதிப்பெண் சராசரியாக 25% உயர்ந்தது. ஒரு வாக்குத்தான்.

அதனால் டிரெண்டிங் பட்டியலையோ 'அதிகம் பார்க்கப்பட்டவை' வரிசையையோ மக்கள் தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். தளத்தைத் திறந்ததும் மேலே தெரிகிற பத்தை மாதிரியாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அது உங்களுக்காகச் செய்யப்பட்ட பத்து. என் ஃபீடும் என் தங்கையின் ஃபீடும் ஒரே நேரத்தில் ஒரே செயலியில் திறந்தாலும் ஒன்றாக இருந்ததில்லை.

தரவு எடுப்பது: திறந்த கதவுகள், மூடிய கதவுகள்

பத்து வருடத்துக்கு முன் எழுதப்பட்ட கையேடுகளை நம்பி இறங்காதீர்கள். அப்போது இருந்த கதவுகள் பல மூடிவிட்டன. ட்விட்டர் 2021இல் ஆய்வாளர்களுக்கென்று தாராளமான இலவச வழி திறந்தது. 2023இல் இலவச வழியே நின்றது. ரெடிட்டும் அதே ஆண்டில் தன் ஏபிஐக்கு, அதாவது வெளி புரோகிராம்கள் தளத்திடம் தரவு கேட்டு வாங்கும் வாசலுக்கு, விலை வைத்தது. ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் பதிவுகளைப் பார்க்கப் பத்திரிகையாளர்களும் ஆய்வாளர்களும் நம்பியிருந்த கிரவுட்டாங்கிள் 2024 ஆகஸ்ட் 14 அன்று மூடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் மட்டும், டிஜிட்டல் சேவைகள் சட்டத்தின் 40ஆம் பிரிவு மிகப் பெரிய தளங்கள் தகுதியுள்ள ஆய்வாளர்களுக்குத் தரவு தர வேண்டும் என்கிறது. அதற்கு விண்ணப்பம், காத்திருப்பு எல்லாம் உண்டு. முதல் ஆய்வுக்கு அந்தப் பக்கம் போக வேண்டாம்.

புதியவர்களுக்கு நான் சொல்வது நான்கு வழிகள். முதலாவது, கையால் சேகரிப்பது. நூறு பதிவுகளை ஒவ்வொன்றாகத் திறந்து, ஸ்கிரீன்ஷாட் எடுத்து, எக்செல்லில் தேதியோடு பதிவது. அலுப்பான வேலைதான், ஆனால் நூறையும் கண்ணால் படித்திருப்பீர்கள். ஒரு லட்சத்தை இறக்கி வைத்தவர்கள் பலர் இருபதைக்கூடப் படித்திருக்க மாட்டார்கள். இரண்டாவது, யூடியூப். அதன் ஏபிஐ இன்னும் ஓரளவு திறந்திருக்கிறது. பெர்ன்ஹார்ட் ரீடர் செய்த யூடியூப் டேட்டா டூல்ஸில் புரோகிராம் எழுதாமலே காணொளிப் பட்டியலையும் கீழே எழுதப்பட்டவற்றையும் இறக்கிக்கொள்ளலாம். மூன்றாவது, விக்கிப்பீடியா. யார், எப்போது, எதைத் திருத்தினார்கள் என்று முதல் நாளிலிருந்து வரலாறு திறந்தே கிடக்கிறது, ஆனாலும் புதிதாக வருகிறவர்கள் இதை ஏனோ கண்டுகொள்வதில்லை. நான்காவது, தரவுக் கொடை. பல தளங்களில் ஒருவர் தன் சொந்தப் பயன்பாட்டு வரலாற்றை இறக்கிக்கொள்ளலாம். அதை அவர் விருப்பப்பட்டு, வேண்டாததை நீக்கிவிட்டு உங்களுக்குத் தரலாம். முதலில் உங்களுடையதை இறக்கிப் பாருங்கள். நள்ளிரவு 1.40க்கு என்ன பார்த்துக்கொண்டிருந்தோம் என்று தெரியும்போது, இதை இன்னொருவரிடம் கேட்பது எவ்வளவு பெரிய காரியம் என்று புரியும்.

எந்த வழியானாலும், எடுத்த நாளையும் நேரத்தையும் குறிக்காத தரவு குப்பைக்குச் சமம்.

தமிழ்த் தரவென்றால் இன்னொரு தடை

ஒருமுறை சில ஆயிரம் தமிழ்ப் பின்னூட்டங்களை எடுத்து, அதிகம் வரும் சொற்களைப் படமாக்கினேன். படத்தில் பெரிதாக வந்து நின்றவை 'ந', 'ம', 'ழ' என்ற ஒற்றை எழுத்துகள். ஏதோ புதுச் சங்கேத மொழி என்று ஒரு நிமிடம் மகிழ்ந்தேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

நடந்தது இது. கணினி எழுத்துகளைச் சேமிக்கும் யூனிகோடு முறையில் 'தமிழ்' என்பது மூன்று எழுத்தில்லை, ஐந்து குறியீடுகள்: த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி. பைத்தான் என்ற நிரல்மொழியில் சொல் பிரிக்க எல்லோரும் முதலில் கையில் எடுக்கும் ரெகெக்ஸ் குறி (எது எழுத்து என்று கணினிக்குச் சொல்லும் சுருக்கக் குறி), கொக்கியையும் புள்ளியையும் எழுத்தாகவே மதிப்பதில்லை. அந்த இடங்களில் வெட்டிவிடும். 'தமிழ்' என்ற சொல் 'தம' என்றும் 'ழ' என்றும் இரண்டு துண்டாகிவிடும். தீர்வு சின்னதுதான்: இடைவெளியை வைத்துப் பிரித்து, ஓரத்து நிறுத்தக்குறிகளை நீக்குங்கள், அல்லது தமிழ் யூனிகோடு வரம்பு முழுவதையும் எழுத்தாகக் கொள்ளச் சொல்லுங்கள். கூடவே நார்மலைஸ் செய்துவிடுங்கள், அதாவது ஒரே எழுத்தின் வெவ்வேறு சேமிப்பு வடிவங்களை ஒன்றாக்கிவிடுங்கள். 'கொ' என்பதை ஒரே ஒகரக் குறியாகவும் சேமிக்கலாம், கொம்பும் காலும் தனித்தனியாகவும் சேமிக்கலாம். கண்ணுக்கு ஒன்று, கணினிக்கு இரண்டு சொல்.

இந்த எழுத்துக் கணக்கு தரவைத் துடைப்பதோடு முடிவதில்லை. ட்விட்டரின் 140 என்ற வரம்பு 160 எழுத்துக் குறுஞ்செய்தியிலிருந்து வந்தது. மீதி 20 பெயருக்கு. ஆங்கிலப் பதிவுகளில் 9% அந்த வரம்பை முட்டின, ஜப்பானிய மொழியில் 0.4% மட்டுமே என்று நிறுவனம் 2017இல் சொன்னது. அந்த ஆண்டே பெரும்பாலான மொழிகளுக்கு 280 ஆக்கினார்கள். தமிழில் ஒவ்வொரு கொக்கியும் புள்ளியும் தனித்தனி எண்ணிக்கை. வரம்பு ஒன்றாக இருந்தாலும் மொழிக்கு மொழி இறுக்கம் வேறு. அந்தக் காலத் தமிழ்ப் பதிவுகளின் சுருக்கு நடையை ஆராயப் போகிறவர்கள் இதைக் கணக்கில் எடுத்தாக வேண்டும்.

தேடும்போது இன்னொரு பொறி உண்டு. தமிழ் எழுத்தில் தேடினால் தமிழ் எழுத்தில் எழுதியவர்கள் மட்டுமே கிடைப்பார்கள். 'நன்றி' என்ற ஒரு சொல்லையே ஆங்கில எழுத்தில், நடுவில் 'டி' போட்டும் போடாமலும், கடைசியில் 'ஐ' போட்டும் 'ஒய்' போட்டும் எழுதுகிறார்கள். முதல் நூறு பதிவுகளைக் கையால் படித்து, இப்படியான வடிவங்களைப் பட்டியல் எடுத்துக்கொண்டு பிறகு தேடுங்கள்.

இல்லாதவற்றுக்கு ஒரு பக்கம் ஒதுக்குங்கள்

உங்கள் கையில் இருப்பது எஞ்சியவை. பார்த்துவிட்டு ஒன்றும் எழுதாமல் போனவர்கள் அதில் இல்லை. தளம் நீக்கியவை இல்லை. எழுதியவரே மறுநாள் வெட்கப்பட்டு அழித்தவை இல்லை. 24 மணி நேரத்தில் மறையும் ஸ்டோரிகள் இல்லை. தனிச் செய்தியில் நடந்த பேச்சு எதுவுமே இல்லை.

இருப்பவையும் வேடம் போட்டு வரும். சில சொற்களைப் போட்டால் காணொளி பலரைப் போய்ச் சேராது என்று நம்புகிறவர்கள் மாற்றுச் சொல் பேசுகிறார்கள். ஆங்கிலத்தில் சாவைக் குறிக்க 'அன்அலைவ்' என்ற சொல் இப்படித்தான் பரவியது. அல்காரிதம் உண்மையில் அந்தச் சொல்லைத் தண்டிக்கிறதா என்பது வேறு கேள்வி. தண்டிக்கும் என்ற நம்பிக்கையே பேச்சை மாற்றிவிட்டது என்பதுதான் பண்பாட்டு ஆய்வாளருக்குத் தீனி.

பொதுவில் இருக்கிறது என்பதால் உங்களுடையது ஆகிவிடாது

2006 ஆகஸ்டில் ஏஓஎல் நிறுவனம், ஆய்வுக்கு உதவட்டும் என்று சுமார் 6,50,000 பேரின் 2 கோடி தேடல்களை வெளியிட்டது. பெயர்களுக்குப் பதில் எண்கள்தான் இருந்தன. சில நாட்களிலேயே, ஓர் எண்ணுக்குப் பின்னால் இருந்த பெண்மணியின் வீட்டுக் கதவை நியூயார்க் டைம்ஸ் செய்தியாளர்கள் தட்டிவிட்டார்கள். அவர் தேடிய ஊர்ப்பெயரும் உறவினர் பெயர்களுமே காட்டிக்கொடுத்தன. ஃபேஸ்புக் 2012இல் ஒரு வாரம் 6,89,003 பேரின் ஃபீடில் நல்ல பதிவுகளையோ சோகப் பதிவுகளையோ குறைத்துப் பார்த்து, அவர்கள் எழுதும் தொனி மாறுகிறதா என்று சோதித்தது. தாங்கள் சோதனையில் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. 2014இல் கட்டுரை வெளிவந்தபோது எழுந்த கண்டனம் இந்தத் துறையையே உலுக்கியது.

நம் அளவில் செய்ய வேண்டியது: ஒருவர் எழுதிய வரியை அப்படியே மேற்கோள் காட்டாதீர்கள். மேற்கோள் குறிக்குள் போட்டுத் தேடினால் ஆளே கிடைத்துவிடுவார். பொருள் மாறாமல் வார்த்தையை மாற்றுங்கள். சிறுவர்கள், நோய் பற்றி எழுதுகிறவர்கள், தங்கள் அடையாளத்தை மறைத்து வாழ்கிறவர்கள் இருக்கும் இடங்களில் கேட்காமல் எடுக்காதீர்கள். அசோசியேஷன் ஆஃப் இன்டர்நெட் ரிசர்ச்சர்ஸ் அமைப்பின் அறநெறிக் கையேடு இலவசமாகக் கிடைக்கிறது. அது சட்டம் போடுவதைவிடக் கேள்வி கேட்பதையே அதிகம் செய்யும்.

ஆட்களிடம் கேளுங்கள்

தரவில் ஒரு லைக் என்பது ஒரு லைக். அதைப் போட்டவரிடம் கேட்டால், "அண்ணி போட்டிருந்தாங்க, நான் போடலைன்னா கேப்பாங்க" என்று வரும். பிராடி ரோபார்ட்ஸ், ஷான் லிங்கன் என்ற ஆய்வாளர்கள் 2017இல் விளக்கிய ஸ்க்ரோல்-பேக் முறை இதற்கு அருமையானது. பேட்டி கொடுப்பவர் தன் பக்கத்தைத் தானே திறந்து, பழைய பதிவுகள் வரை உங்களோடு சேர்ந்து கீழே இறங்கிப் போவார். எது ஏன் போட்டது, எதை ஏன் விட்டுவைத்திருக்கிறார் என்று சொல்லிக்கொண்டே வருவார். நீங்கள் அதிகம் பேசாதீர்கள். விரல் எங்கே வேகமாகத் தள்ளுகிறது என்று மட்டும் கவனியுங்கள்.

நம் தையல் கேள்விக்கு ஐந்து பேர் போதும். யூடியூபில் "நன்றி" என்று எழுதிய ஒருவரிடம் "தைத்ததை யாருக்காவது காட்டினீர்களா?" என்று கேளுங்கள். குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டேன் என்று சொல்லக்கூடும். எந்த ஏபிஐயும் உங்களை அங்கே அழைத்துப் போகாது.

எழுதி வைக்கும் விதம்

கட்டுரை எழுத உட்காரும்போது, 'பயனர்கள் விரும்புகிறார்கள்' என்று கை போகும் இடத்திலெல்லாம் நிறுத்தி, 'இந்தத் தேதியில், இந்தப் பதிப்பில், இந்தப் பொத்தானை அழுத்தினார்கள்' என்று எழுதிப் பாருங்கள். பாதி வாக்கியங்கள் தாங்காது, விழுந்துவிடும். விழட்டும். நாட்காட்டியைப் பின்னிணைப்பாகச் சேர்த்துவிடுங்கள். வாக்த்ரூ எடுத்த ஸ்கிரீன்ஷாட்டுகளைத் தேதி, செயலிப் பதிப்பு எண், போனா கணினியா என்ற விவரத்தோடு ஒரு ஃபோல்டரில் போட்டு வையுங்கள். மூன்று மாதம் கழித்து அதே செயலியைத் திறந்து அதே திரைக்குப் போய்ப் பாருங்கள், பொத்தான் இடம் மாறியிருக்கும். அப்போது நாட்காட்டியில் இன்னொரு வரி சேர்க்க வேண்டியிருக்கும்.